சிலிண்டர மூடிட்டீங்களா?

எங்கள் வீட்டில் யார் எங்கே கிளம்பினாலும், செருப்பில் கால் நுழைவதற்குள் உள்ளேயிருந்து ஒரு குரல் வரும்: "என்னங்க, சிலிண்டர மூடிட்டீங்களா?" கல்யாண வீட்டுக்குப் போனாலும் இதே கேள்வி, கருமாதிக்குப் போனாலும் இதே கேள்வி. 27 வருஷமாக இதற்குப் பதில் சொல்லிச் சொல்லி, என் வலது கைக்குத் தனியாக ஒரு பழக்கம் வந்துவிட்டது. வாசற்படியைத் தாண்டுவதற்கு முன்னால் அது பாட்டுக்கு அடுப்படிக்குப் போய் ரெகுலேட்டர் குமிழைத் திருகிவிட்டு வந்து என்னோடு சேர்ந்துகொள்ளும். போய்வந்தது எனக்கே தெரியாது. பாதி வழியில் ஸ்கூட்டரை ஓரங்கட்டி "மூடினோமா?" என்று விழிப்பது மூளையின் வேலை, மூடுவது கையின் வேலை. இரண்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. வாசகர்கள் இந்தக் கையைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி கடல். நான் முத்தியால்பேட்டைக்காரன். மொட்டைமாடியில் நின்றால் கடல் தெரியும். இரும்பு கேட் துருப்பிடித்தால் கடல்காற்றைத் திட்டுவோம். இவ்வளவு பக்கத்தில் இருந்தும் 52 வயது வரை எனக்கும் கடலுக்கும் இருந்தது மேலதிகாரியோடு இருக்கிற உறவுதான். எதிரே நின்று வணக்கம் வைப்பேன், கிட்டே போகமாட்டேன். மாசி மகத்துக்கு வைத்திக்குப்பத்தில் ஊர்ச் சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்கு வந்து நிற்கும்போது, நான் வேட்டியை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு பத்தடி தள்ளி நிற்பேன். நனைந்து வருகிற யாராவது ஒருவரிடம் மூன்று சொட்டு வாங்கித் தலையில் தெளித்துக்கொள்வேன். சாமிக்கே இல்லாத பயம் எனக்கு.

ஊர் மீதும் கொஞ்சம் பழி போடலாம். 1980களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர் எழுப்பினார்கள். தெற்கேயிருந்து நகர்ந்து வந்துகொண்டிருந்த மணல் அங்கேயே தங்கிவிட்டது. நகரத்துக் கரையில் மணல் போய்க் கருங்கல் வந்தது. என் வாலிபத்தில் பீச் ரோட்டில் கால் நனைக்க இறங்கினால் கல்லும், கல்லிடுக்கில் நண்டும்தான் வரவேற்றன. பிற்பாடு தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் ஒரு செயற்கைத் திட்டை இறக்கியதும் கொஞ்சம் மணல் திரும்பி வந்தது. எனக்குத் தைரியம் திரும்பி வரவில்லை. நீச்சல் தெரியும். ஆனால் அது பாகூரில் பெரியம்மா வீட்டு பம்புசெட்டுக் கிணற்றில் பழகிய நீச்சல். நாலு கை போட்டால் சுவர் வந்துவிட வேண்டும்.

இப்படிப்பட்டவனுக்கு, பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் பிறந்தநாளுக்கு ஒரு வேட்டி எடுத்துக் கொடுத்திருக்கலாம். அவன் ஸ்கூபா டைவிங் கற்றுக்கொள்ள இரண்டு பேருக்குப் பணம் கட்டிவிட்டு போன் செய்தான். "அப்பா, உனக்கும் அம்மாவுக்கும். கடலுக்குள்ள 18 மீட்டர் வரைக்கும் போகலாம்." நான் முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவன் அடுத்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டான்: "கட்டின பணத்தத் திருப்பித் தரமாட்டாங்க." என் பலவீனம் தெரிந்த பிள்ளை. ஓட்டலில் மிச்சம் வைத்த சட்னிக்காக இன்னொரு இட்லி வாங்கித் தின்கிற வம்சம் நாங்கள்.

மனைவி ஒரே வார்த்தையில் கழன்றுகொண்டாள். "எனக்கு மீன் தட்டுல இருந்தாப் போதும். என் தம்பியக் கூட்டிட்டுப் போங்க."

அவள் யோசித்துச் சொன்னாளோ இல்லையோ, அதில் பழைய நியாயம் ஒன்று இருக்கிறது. தூத்துக்குடிப் பக்கம் முத்துக்குளிக்கிறவன் கல்லைக் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு மூச்சடக்கி இறங்குவான். மேலே தோணியில் ஒருவன் கயிற்றைப் பிடித்திருப்பான். கீழேயிருந்து சுண்டினால் சட்டென்று இழுக்க வேண்டும். அந்தக் கயிற்றை அண்ணன் தம்பியிடம்கூடக் கொடுக்கமாட்டார்களாம், மச்சானிடம்தான் கொடுப்பார்கள் என்று சொல்வார்கள். அண்ணன் தம்பிக்குச் சொத்து ஞாபகம் வரலாம். மச்சானுக்கு அக்காவின் தாலிதான் ஞாபகம் வரும். என் மச்சான் நேரு வீதியில் செல்போன் பழுதுபார்க்கிறவன். என் கல்யாணத்தில் எனக்கு மோதிரம் போடவேண்டிய நேரத்தில் பந்தியில் மூன்றாவது ஜாங்கிரியில் இருந்தவன். அப்போது அவனுக்கு 11 வயது என்பதால் மன்னித்துவிட்டேன், மறக்கவில்லை. அவன் கையில்தான் என் கயிறு.

செய்தி மாமனாருக்கு எட்டியது. அவர் சொல்தா. எங்கள் ஊரில் இந்த ஒரு சொல் போதும். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து, பிரான்சிலிருந்து ஓய்வூதியம் வாங்கி, சாயங்காலம் இரும்புக் குண்டு வீசி பெத்தாங் ஆடுகிறவர். தூலோன் துறைமுகத்தில் இரண்டு வருஷம் இருந்தாராம். அங்கே தெருவில், ஸ்கூபா கருவியைச் செய்த கூஸ்தோவின் முதுகைப் பார்த்ததாகச் சொல்லுவார். வருஷத்துக்கு வருஷம் அந்த முதுகு திரும்பிக்கொண்டே வருகிறது. போன பொங்கலுக்குக் கைகுலுக்கிவிட்டது.

"மாப்ள, நீங்க போட்டுக்கப்போற சாமான் எல்லாம் எங்க ஆளுங்க கண்டுபிடிச்சது" என்று ஆரம்பித்தார். இதில் கதைவிடவில்லை. 1943இல், ஜெர்மன்காரன் பிடியில் பிரான்ஸ் இருந்தபோது பெட்ரோல் கிடைக்காமல் காரை எரிவாயுவில் ஓட்டப் பார்த்தார்கள். எஞ்சினுக்குத் தேவையான அளவு வாயுவை மட்டும் விடுகிற ஒரு வால்வை எமில் கன்யான் என்ற பொறியாளர் செய்து வைத்திருந்தார். கடற்படை அதிகாரி ழாக் கூஸ்தோ அதைப் பார்த்து, எஞ்சின் இடத்தில் மனுஷனை வைத்தால் என்ன என்று கேட்டார். மூச்சை இழுத்தால் காற்று வரும், விட்டால் நிற்கும். இரண்டு பேரும் சேர்ந்து செய்த அந்தக் கருவிதான் இன்று உலகம் முழுக்கக் கடலுக்குள் போகிறவர்களின் வாயில் இருக்கிறது. அதன் பெயரும் ரெகுலேட்டர்தான்.

வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள். "அப்ப நம்ம அடுப்பு ரெகுலேட்டருக்கு அது சித்தப்பா முறை."

ஆழம் கூடக் கூடக் காற்று சுருங்குவதற்கு ஒரு விதி உண்டு. நான் படித்த பள்ளியில் அது பாயில் விதி. பாயில் 1662இல் எழுதியது. மாமனார் படித்த பள்ளியில் அதே விதி மரியோத் விதி. மரியோத் சொன்னது 1676இல். 14 வருஷம் பிந்தியவர் என்று நான் சொன்னதை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. ஆழத்திலிருந்து சட்டென்று மேலே வந்தால் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் சோடா பாட்டிலைத் திறந்ததுபோல் குமிழி விடும் என்பதை விளக்கி 1878இல் புத்தகம் போட்டவர் போல் பேர், அவரும் பிரெஞ்சுக்காரர். சரி, எவ்வளவு மெதுவாக ஏற வேண்டும் என்று 1908இல் கணக்குப்போட்டு அட்டவணை கொடுத்த பிரிட்டிஷ்காரர் ஹால்டேன்? "அவரு ஆட்ட வெச்சு சோதிச்சவரு" என்று மாமனார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆடு உண்மைதான். ஆனால் அவர் கோபம் ஆட்டின் மேல் இல்லை. 1761இல் ஆங்கிலேயர்கள் புதுச்சேரியை இடித்துத் தரைமட்டமாக்கியதை இவர் இன்னும் மன்னிக்கவில்லை.

டைவிங் கிளப்பில் முதலில் தண்ணீரைக் காட்டவில்லை, ஒரு படிவத்தைக் காட்டினார்கள். படிவம் என்றால் நான் ராஜா. 28 வருஷமாக அரசு அலுவலகத்தில் மற்றவர்கள் படிவத்தில் பிழை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புகிறவன். ஆஸ்துமா உண்டா, காதில் அறுவை சிகிச்சை உண்டா, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை உண்டா, 45 வயது தாண்டியவரா, அப்படியானால் கொலஸ்ட்ரால் எப்படி... ஒன்றுக்கு "ஆம்" என்றாலும் டாக்டர் கையெழுத்து வேண்டும் என்று அடியில் பார்த்ததும், மேலிருந்து கீழே வரை "இல்லை, இல்லை, இல்லை" என்று வரிசையாகப் போட்டுவிட்டேன். வீட்டுக்குக் கொண்டுவந்தது தப்பாகப் போயிற்று. மனைவி என் மாத்திரை டப்பாவைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு படிவத்தைத் திருத்தினாள்.

"பொய் சொல்லணும்னா கணக்கெடுக்க வர்றவங்ககிட்ட சொல்லுங்க. தண்ணிகிட்ட எதுக்கு?"

டாக்டரிடம் போனேன். காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "இதோட போயிருந்தீங்கன்னா செவிப்பறை கிழிஞ்சிருக்கும்" என்று சொல்லி, இரண்டு காதிலிருந்தும் அழுக்கை எடுத்துக் கிண்ணத்தில் போட்டுக் காட்டினார். பல வருஷச் சேமிப்பு. ஆழத்தில் காது அழுத்தத்தைச் சமன் செய்ய மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊத வேண்டும். காதின் வெளிப்பக்கம் அடைத்திருந்தால் ஊதி என்ன பயன்? ஈ.சி.ஜி. எடுத்து, மாத்திரையைத் தவறாமல் போடச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். காது சுத்தமானதில் ஒரு சங்கடம். அன்று சாயங்காலம் முதல் மனைவி கூப்பிட்டது கேட்கவில்லை என்று சொல்ல முடியாமல் போயிற்று.

பயிற்சி நீச்சல் குளத்தில் தொடங்கியது. பயிற்சியாளர் வீராம்பட்டினத்துப் பையன், என் மகனைவிடச் சின்னவர். என்னை "அங்கிள்" என்றார். முதல் பிரச்சினை என் மீசை. முகமூடியின் ரப்பர் விளிம்பு தோலில் ஒட்ட வேண்டும். மீசை மேல் உட்கார்ந்தால் தண்ணீர் கசியும். "அங்கிள், மூக்குக்குக் கீழ மட்டும் ஒரு கோடு எடுத்துடுங்க." எடுத்தேன். கண்ணாடியில் பார்த்தால் மீசை முகத்தோடு கோபித்துக்கொண்டு தனிக்குடித்தனம் போனதுபோல் இருந்தது.

இரண்டாவது பிரச்சினை மொழி. வாயில் ரெகுலேட்டர் இருப்பதால் எல்லாம் கையால்தான். அவர் கட்டைவிரலையும் ஆள்காட்டிவிரலையும் வட்டமாகச் சேர்த்து "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டார். நான் பிரமாதம் என்று கட்டைவிரலை உயர்த்தினேன். உடனே என்னைத் தண்ணீருக்கு மேலே கொண்டுபோனார். "என்ன அங்கிள் பிரச்சினை?" "ஒண்ணுமில்லையே." மறுபடி இறங்கினோம், மறுபடி கேட்டார், மறுபடி கட்டைவிரல், மறுபடி மேலே. கட்டைவிரலை உயர்த்தினால் "மேலே போகலாம்" என்று அர்த்தமாம். சரியென்று நம் ஊர் வழக்கப்படி தலையை ஆட்டினேன். ஆமாம் என்றும் படாமல் இல்லை என்றும் படாமல் தலையாட்டுவதில் நான் கைதேர்ந்தவன். மனு கொடுக்க வருகிறவர்கள் மூன்று மாதம் நம்பிக்கையோடு திரும்பிப் போவார்கள். அந்தப் பையன் குளத்தடியில் முட்டிபோட்டு உட்கார்ந்து என் தலையையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுதுபலகையை எடுத்து எழுதினார்: "தலை வேண்டாம்."

மூன்றாவதாக, "படி." இரண்டிரண்டு பேராகத்தான் இறங்க வேண்டும், கூட வருகிறவருக்கு ஆங்கிலத்தில் அப்படி ஒரு பெயர். "படியப் பாருங்க, படியப் பாருங்க" என்று அவர் கத்தியபோதெல்லாம் நான் குளத்துப் படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். மச்சான் வந்து முதுகில் தட்டினான்: "மாமா, படி நான்தான்."

எல்லாவற்றுக்கும் மேலான விதி ஒன்று சொன்னார்கள்: மூச்சைப் பிடிக்காதே. முத்துக்குளிக்கிறவனுக்கு மூச்சைப் பிடிப்பதுதான் தொழில். சிலிண்டரோடு போகிறவனுக்கு அதுதான் எமன். கொடைக்கானல் பஸ்ஸில் மேலே ஏற ஏறச் சிப்ஸ் பாக்கெட் உப்புமே, அதுதான். 10 மீட்டர் ஆழத்தில் நிறைய இழுத்த மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், நுரையீரலுக்குள் காற்று இரண்டு மடங்காக விரியும். பாக்கெட் வெடித்தால் சிப்ஸ் சிதறும். இங்கே சிதறுவது நாம். ஆகையால் மூச்சு போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்க வேண்டும். எனக்கோ, எது புதிதாக வந்தாலும் மூச்சைப் பிடித்துக்கொள்வதுதான் பழக்கம். கரண்ட் பில், மகனின் போன், தணிக்கை அதிகாரி, எல்லாவற்றையும் அப்படித்தான் கடந்திருக்கிறேன்.

எழுத்துத் தேர்வில் 50 கேள்வி, 75 சதவீதம் எடுத்தால் பாஸ். 38 எடுத்தேன். அதற்கு மேல் எடுப்பது அரசாங்கத்துக்கு நஷ்டம். மச்சான் 49.

ஆனால் காற்றுக் கணக்கில் என்னை யாரும் மிஞ்ச முடியவில்லை. சிலிண்டரில் ஆக்சிஜன் என்று ஊரெல்லாம் சொல்கிறது. உள்ளே இருப்பது நேரு வீதியில் இருக்கும் அதே காற்றுதான், தூசியும் ஈரமும் நீக்கி அடைத்தது. 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தம் என்றால் 2,400 லிட்டர். இதைச் சம்பளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 பாரை, அதாவது 600 லிட்டரை, மாதக் கடைசிக்குத் தொடாமல் வைக்க வேண்டும். மிச்சம் 1,800. நீர்மட்டத்தில் நிதானமாக நீந்துகிறவர் நிமிஷத்துக்குச் சுமார் 20 லிட்டர் செலவழிக்கிறார் என்றால், 18 மீட்டரில் அழுத்தம் 2.8 மடங்கு, அதே மூச்சுக்கு அங்கே 56 லிட்டர் ஆகும். விலைவாசி. ஆக 32 நிமிஷம் ஓட்டலாம். பயந்தவன் 40 லிட்டர் இழுப்பான். அவனுக்கு 16 நிமிஷத்தில் மாதக் கடைசி வந்துவிடும். கணக்கை முடித்துவிட்டு நான் யாரைப் பற்றி எழுதியிருக்கிறேன் என்று பார்த்தேன்.

பருவமழைக் கலங்கல் அடங்கிக் கடல் தெளிந்த மார்ச் மாதத்தில், காலை 6 மணிக்குத் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்திலிருந்து படகு. ரப்பர் உடுப்பை மாட்டுவதே தனி வைபவம். தலையணை உறைக்குள் மெத்தையைத் திணிப்பதுபோல் இரண்டு பேர் என்னைத் திணித்தார்கள். அப்புறம் ஈயம். கொழுப்பு மிதக்கும், எனவே உடம்பில் கொழுப்பு கூடக் கூட இடுப்பில் ஈயமும் கூட வேண்டும். மச்சானுக்கு 4 கிலோ, எனக்கு 9. எனக்குக் கொழுப்பு அதிகம் என்று என் மனைவி வாய்மொழியாகச் சொல்லிக்கொண்டிருந்ததை எடைக்கல்லோடு நிரூபித்துவிட்டார்கள். முதல் இரண்டு முறை இறங்கியதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஒருமுறை வாந்தி, ஒருமுறை வாந்திக்குப் பிறகு. வாந்தியைச் சாப்பிடச் சின்ன மீன்கள் ஓடிவந்ததில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல். வீட்டு இட்லிக்கு அவ்வளவு வரவேற்பை நான் கண்டதில்லை.

மூன்றாவது முறை டெம்பிள் ரீஃப் என்ற இடம். அங்கே கோயில் எதுவும் இல்லை. வேண்டாத பழைய பொருள்களைக் கடலடியில் போட்டு மனிதர்கள் உண்டாக்கிய செயற்கைப் பார். ஆழம் சுமார் 18 மீட்டர். பழைய சாமானைப் போட்டுவைத்த இடத்தில் மீன்கள் குடியேறிப் பெருகிவிட்டன. நாங்களும் வீட்டுப் பரணில் 27 வருஷமாகப் போட்டுத்தான் வருகிறோம், எலிதான் குடியேறுகிறது.

குதிப்பதற்கு முன்னால் ஜோடிகள் ஒருவரையொருவர் சோதிக்க வேண்டும். காற்றுச் சட்டை ஊதுகிறதா, ஈயம் சரியா, எந்தக் கொக்கியை எப்படிக் கழற்றுவது, சிலிண்டர் திறந்திருக்கிறதா, வேறு எதுவும் தொங்குகிறதா. என் மனைவி வீட்டில் செய்கிற அதே சோதனைதான். ஒரே ஒரு வித்தியாசம். அவள் "மூடியாச்சா" என்பாள், இங்கே "திறந்தாச்சா" என்பார்கள். நான் மச்சானின் பின்னால் நின்று எல்லாவற்றையும் ஒழுங்காகப் பார்த்தேன். சிலிண்டர் முழுக்கத் திறந்திருந்தது. முள் 200இல் நின்றது. "எல்லாம் சரி" என்றேன்.

அப்போது படகு ஓட்டுகிறவர் ஒரு வார்த்தை சொன்னார்: "கிளம்பலாங்களா?"

கிளம்பலாம் என்ற சொல் காதில் விழுந்ததும், பாழாய்ப்போன காதைச் சுத்தம் வேறு பண்ணி வைத்திருந்தேனே, என் வலது கை தானாக நீண்டது. எதிரே ஒரு சிலிண்டர். அதன் தலையில் ஒரு குமிழ். வலப்பக்கமாக மூன்று திருகு.

எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. மூளை அப்போது சுறா பற்றி யோசித்துக்கொண்டிருந்தது.

மச்சான் படகு விளிம்பில் முதுகைக் கடலுக்குக் காட்டி உட்கார்ந்துவிட்டான். அப்படியே மல்லாந்து விழ வேண்டியதுதான். பயிற்சியாளர் கையைக் காட்டி நிறுத்தினார். "கடைசியா ஒருவாட்டி. முள்ளப் பாத்துக்கிட்டே மூணு மூச்சு இழுங்க." மச்சான் இழுத்தான். முதல் மூச்சுக்கு முள் நடுங்கியது. இரண்டாவதற்குச் சரிந்தது. மூன்றாவது மூச்சு பாதியில் நின்றது. கரண்ட் போன மின்விசிறி மாதிரி முள் சுழன்று சுழியத்தில் போய்ப் படுத்தது. குழாயில் தங்கியிருந்த காற்று அவ்வளவுதான். மூடிய சிலிண்டரும் அதுவரை 200 என்றுதான் காட்டும். இழுத்துப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும்.

படகில் ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. என் கை இன்னும் மச்சானின் தோளுக்குப் பின்னால்தான் இருந்தது.

"அங்கிள், நீங்களா மூடினீங்க?"

"வீட்டுல... கிளம்பும்போது... பழக்கம்" என்றேன்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். குமிழை முழுக்கத் திறந்து, எல்லாச் சோதனையையும் முதலிலிருந்து செய்யவைத்தார். முழுக்கத் திற, இல்லையென்றால் முழுக்க மூடு, நடுவில் விடாதே என்றார். பாதி மூடிய வால்வு மேலே ஒழுங்காகக் காற்றுக் கொடுக்கும். ஆழத்தில் ஒரு மூச்சுக்கு மேலும் மேலும் காற்று தேவைப்படும்போதுதான் கழுத்தை நெரிக்கும். நம் ஆட்களில் பாதிப்பேர் பணம் தருவதாக வாக்குக் கொடுப்பதும் இப்படித்தான். மச்சான் மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே. முத்துக்குளிப்பில் மச்சானை நம்பிக் கயிற்றைக் கொடுக்கலாம் என்று பெரியவர்கள் சொல்லிவைத்தார்கள். கயிற்றின் இந்தப் பக்கம் நிற்கிற அக்கா புருஷனைப் பற்றி யாரும் எதுவும் சொல்லிவைக்கவில்லை.

இறங்கினோம். கடலுக்குள்ளே எப்படி இருந்தது என்று எல்லோரும் கேட்கிறார்கள். முதலில் நிறம் போயிற்று. சிவப்புதான் முதலில் காணாமல் போகும். மனைவி கோயிலிலிருந்து கொண்டுவந்து மணிக்கட்டில் கட்டிய சிவப்புக் கயிறு ஆழத்தில் அழுக்குப் பழுப்பாகிவிட்டது. சத்தம் எங்கேயிருந்து வருகிறது என்று தெரியவில்லை. தண்ணீரில் ஒலி காற்றைவிட நாலு மடங்குக்கு மேல் வேகம், இரண்டு காதிலும் ஏறக்குறைய ஒன்றாக வந்து விழுகிறது. பார் நிழலாக எழும்பியது. அதைச் சுற்றி மீன். எனக்கு மீனைப் பெரிய மார்க்கெட்டில் கூறுகட்டித்தான் பழக்கம் என்பதால், பாரையைப் பார்த்தால் வறுவல், கிளிமீனைப் பார்த்தால் குழம்பு என்று மனசு தானாகப் பிரித்தது. ஒரு பெரிய கலவா பொந்திலிருந்து தலையை நீட்டி என்னையே பார்த்தது. மார்க்கெட்டில் பார்த்த அத்தனை கலவாவும் பக்கவாட்டில் படுத்திருந்தவை. இது நேராகப் பார்த்தது. செவுளை மெல்லத் திறந்து மூடி, எந்த அவசரமும் இல்லாமல் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து நானும் கொஞ்சம் மெதுவாக மூச்சுவிட்டேன் என்று நினைக்கிறேன். ஆனால் 19ஆவது நிமிஷத்தில் என் மாதக் கடைசி வந்துவிட்டது. கணக்குப்படி 3 நிமிஷம் லாபம்.

மேலே வரும்போது 5 மீட்டரில் 3 நிமிஷம் நிற்க வேண்டும், நைட்ரஜன் வெளியேற. நானும் மச்சானும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு எதிரெதிரே மிதந்தோம். 27 வருஷத்தில் நாங்கள் இவ்வளவு நேரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. 2016இல் அவன் வாங்கிய 40,000 ரூபாயைப் பற்றிப் பேசமுடியாத 3 நிமிஷம். அவன் ஒரு கையால் என் தோள்பட்டை வாரை இறுகப் பிடித்திருந்தான். பாசத்திலா, நான் இன்னும் எதையாவது மூடிவிடக் கூடாது என்றா, கையால் கேட்கச் சைகை இல்லை.

கரைக்கு வந்ததும் கிளப்பின் உண்மையான வாழ்க்கை தொடங்குகிறது. தேநீரும், பிஸ்கெட்டும், மீன் கதையும். அங்கே சாதி, ஊர், சம்பளம் எதுவும் கேட்பதில்லை, "எத்தனை டைவ்?" என்று மட்டும் கேட்கிறார்கள். எங்கள் அலுவலகச் சீனியாரிட்டி பட்டியலைவிடக் கறாரானது. 300 டைவ் முடித்த ஒரு பெண்ணின் எதிரே, 3 முடித்த நான் பிஸ்கெட் தட்டைக் கேட்கவே தயங்கினேன். கடலடியில் சிக்கிக் கிடக்கும் நைலான் வலைகளை அறுத்தெடுக்க அடுத்த வாரம் யார் யார் வருகிறார்கள் என்று பேச்சு போயிற்று. 2021 பிப்ரவரியில் சென்னை நீலாங்கரைக் கடலில் 60 அடி ஆழத்தில் ஒரு ஜோடி வேட்டி, புடவையோடு மாலை மாற்றிக்கொண்டதைச் சொன்னார்கள். அங்கே வைத்து "சம்மதமா?" என்று கேட்டால் நம் ஆள் தலையாட்டியிருப்பானே, யாருக்கு என்ன புரிந்திருக்கும் என்று எனக்கு ஓடியது. முகமூடிக் கண்ணாடி வழியே பார்த்தால் தண்ணீருக்குள் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். ஆகவே கையை அகட்டி மீனின் அளவைக் காட்டுகிறவர்கள் பொய் சொல்வதில்லை, இயற்பியலுக்குக் கட்டுப்படுகிறார்கள்.

தேநீர் ஆறுவதற்குள் குறிப்பேடு எழுத வேண்டும். ஆழம், நேரம், எத்தனை பாரில் போனோம், எத்தனை பாரில் வந்தோம். கடைசியில் குறிப்பு. அதற்குக் கீழே கூடப் போனவரின் கையெழுத்து. மச்சான் எழுதி முடித்து என் முன்னால் நீட்டினான், விரலால் இடத்தைக் காட்டினான். 28 வருஷமாக யார் விரலை வைத்துக் காட்டினாலும் அங்கே கையெழுத்துப் போட்டுப் பழகியவன் நான். போட்டேன். தேதியும் போட்டேன். மச்சான் ஊதிக் காயவைத்து, மூடி, பைக்குள் வைத்துக்கொண்ட விதம்தான் உறுத்தியது. வாங்கிப் படித்தேன். குறிப்பில் எழுதியிருந்தான்: "குதிக்கும் முன் மாமா என் சிலிண்டரை மூடிவிட்டார்." கீழே என் கையெழுத்து, தெளிவாக, தேதியோடு, உண்மை நகல் என்று முத்திரை குத்தாத குறைதான்.

வீட்டில் சொல்லவில்லை. "எப்டி இருந்துச்சு?" என்று மனைவி கேட்டாள், விரலை வட்டமாக்கிக் காட்டினேன். "என் தம்பி ஒழுங்காப் பாத்துக்கிட்டானா?" "தங்கமாப் பாத்துக்கிட்டான்." அதில் பொய் இல்லை.

அன்று முதல் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மச்சான் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருகிறான். பையைத் தோளிலிருந்து கழற்றுவதில்லை. போன வாரம் மாமனாரும் வந்திருந்தார். பேச்சு எப்படியோ கூஸ்தோவின் முதுகைச் சுற்றி வந்து, "அந்த நோட்டு வெச்சிருக்கியாமே, காட்டு பாப்போம்" என்று தன் மகனிடம் கை நீட்டினார். அவன் என்னைப் பார்த்துக்கொண்டே மெதுவாகப் பையின் ஜிப்பைத் திறந்து எடுத்துக் கொடுத்தான். அவர் வாசிக்கும் கண்ணாடியைத் தேடினார். பிரெஞ்சு என்றால் மளமளவென்று படிப்பார், தமிழ் கொஞ்சம் எழுத்துக்கூட்டித்தான்.

"ஆழம்... 18... நேரம்... 19... குறிப்பு..."

உள்ளேயிருந்து மனைவி சட்டியோடு வந்தாள். வஞ்சிரம். நடுத்துண்டு ஒன்றுதான் இருந்தது. வழக்கம்போல் என் தட்டில் வைத்தாள். "கு... குதிக்கும் முன்..." என்றார் மாமனார். நான் துண்டை எடுத்து மச்சானின் தட்டில் வைத்தேன். அவன் குனிந்து, "அப்பா, சோறு ஆறுது" என்று நோட்டை அவர் கையிலிருந்து வாங்கி மூடிவிட்டு, மேசைக்கு அடியில் எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி விரலை வட்டமாக்கிக் காட்டினான். பிறகு அதே கையால் என் தட்டிலிருந்த வறுத்த தலையையும் காட்டினான்.